தாய்மாமன் வைத்த பேனர்

எங்கள் தொழிலில் கருப்பு என்ற நிறம் எழுத்துக்கு உண்டு, கட்சிக் கொடிக்கு உண்டு, மனிதர்களின் முகத்துக்குக் கிடையாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பதினெட்டு வருடமாக ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்து கொடுக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் உண்டு. வருகிறவர்கள் போட்டோவை வாட்ஸப்பில் தட்டிவிட்டு, அளவைச் சொல்வதற்கு முன்னாலேயே "கொஞ்சம் கலர் ஏத்திடுப்பா" என்பார்கள். சொல்லாவிட்டாலும் ஏற்றுவோம். செத்துப்போனவருக்கும் ஏற்றுவோம். நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஒருவர், முப்பது வருடம் வெயிலில் நின்று கரும்பு லோடு இறக்கிய தன் அப்பாவின் அஞ்சலி பேனரைப் பார்த்துவிட்டு, "எங்கப்பா இவ்ளோ கலரா இருந்திருந்தா பொண்ணு தேடி அந்த அலைச்சல் அலைஞ்சிருக்க மாட்டாரு" என்று அழுகைக்கு நடுவே சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். இதில் தப்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பழைய முகத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டு இத்தனை வருடத்தில் யாரும் என் கடைக்கு வந்ததும் இல்லை.

ஒருத்தி வந்தாள். அவள் என் தங்கை மகள். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் தங்கை சிதம்பரத்தில் படிக்கப் போனாள். கூடப் படித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் கென்யா நாட்டுக்காரர். வேறு சாதி என்றாலே எங்கள் சொந்தத்தில் வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை நின்றுபோகும். இது வேறு கண்டம். எப்படிக் கோபப்படுவது என்றே பலருக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது. ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் அண்ணன் வருவான் என்று அவள் ஒரு மணி நேரம் நின்றாளாம். நான் அன்றைக்கு யாருடைய பேனருக்கோ எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடம் நான் அவளோடு பேசவில்லை. என் மனைவிதான் எனக்குத் தெரியாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் போனை என் முன்னால் நீட்டினாள். இரண்டு வயதுக் குழந்தை, தலை முழுக்கச் சுருள் முடி, சிதம்பரம் வீட்டு வாசலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தது. மறுநாள் பஸ் ஏறிவிட்டேன். கதவைத் திறந்த மச்சான், எதுவுமே நடக்காத மாதிரி, "வாங்க மச்சான், சாப்ட்டீங்களா?" என்றார். ஹாஸ்டல் மெஸ்ஸில் கற்றுக்கொண்ட தமிழ். அந்த ஒரு கேள்வியில் என் மூன்று வருட வீம்பு செருப்போடு வெளியே நின்றுவிட்டது. அந்த வருடமே பாப்பாவை என் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தினார்கள்.

பாப்பா என்று எழுதினாலும் இப்போது அவள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அப்பாவின் நிறம், அப்பாவின் முடி. நெற்றியும் மோவாயும் எங்கள் வீட்டுடையவை. பேச்சு மட்டும் சுத்தமான சிதம்பரம். அவளுக்கு எட்டு வயதானபோது இங்கே சரியான வேலை அமையாமல் மச்சான் நைரோபிக்குத் திரும்பிப் போனார். வருடத்துக்கு ஒரு முறை வருவார். தங்கை சிதம்பரத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்துக்கொண்டு மகளை வளர்த்தாள். பரீட்சை லீவு விட்டால் பாப்பா கடலூருக்கு வந்துவிடுவாள். கூட்டிவரும் வேலை என்னுடையது.

ஒரு முறை பஸ்ஸில் கண்டக்டர் என்னைத் தாண்டி அவளைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு, "வேர் கோயிங்?" என்றார். அவள், "ரெண்டு கடலூர் குடுண்ணே, மாமாகிட்ட சில்றை இல்ல, நூறா இருக்கு" என்றாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பின் சீட்டுப் பெண் விடவில்லை.

"எந்த ஊரும்மா நீ?"

"சிதம்பரம்."

"அது சரி. சொந்த ஊரு?"

"அதுவும் சிதம்பரம்தாங்க்கா."

ஆலப்பாக்கம் தாண்டும்வரைக்கும் நான் சிரித்துக்கொண்டே வந்தேன். அவள் சிரிக்கவில்லை என்பது இப்போது யோசித்தால்தான் ஞாபகம் வருகிறது. இன்னொரு தடவை சொன்னாள்: "அங்க அப்பா ஊருக்குப் போனா என்னை முஹிந்தின்றாங்க மாமா. அப்பிடின்னா இந்தியாக்காரியாம். இங்க ஆப்பிரிக்கான்றாங்க. ரெண்டு எடத்துலயும் வேற எடத்துக்கு அனுப்பறாங்க." அதையும் நான் தமாஷாகத்தான் எடுத்துக்கொண்டேன். "அப்ப நீ கடலூர்னு வெச்சிக்கோ" என்று சொல்லி நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தேன். பெரிய மனிதன் மாதிரி பதில் சொல்லிவிட்ட திருப்தி எனக்கு.

பதிமூன்று வயதில் அவள் பெரியவளானாள். கொரோனா கொஞ்சம் அடங்கி, மண்டபங்களைத் திறந்துவிட்டிருந்த நேரம். தங்கை சின்னதாகச் செய்தால் போதும் என்றாள். நான்தான் கேட்கவில்லை. தாய்மாமன் சீர் என்று ஒன்று இருக்கிறதே. கல்யாணத்துக்குப் போகாத அண்ணன், அதைச் சேர்த்துவைத்து ஈடுகட்டிவிடலாம் என்று நினைத்தேன். பாப்பாவுக்கும் ஆசை இருந்தது. பட்டுப் பாவாடை என்ன நிறம் என்று தினமும் போன் செய்து கேட்டாள். அண்ணாகிராமத்திலிருந்து பெரியப்பா குடும்பம் வருவதாகச் சொல்லி அனுப்பியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தங்கையின் பெயரையே சொல்லாமல் பதினான்கு வருடம் ஓட்டியவர்கள் அவர்கள். பாப்பாவை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

பேனருக்குப் போட்டோ என் கடையிலேயே எடுத்தேன். பின்னால் பச்சைத் துணி, பக்கத்தில் குடை விளக்கு. பாப்பா அரக்குப் பாவாடை, பச்சைத் தாவணியில் நின்றாள். முடியை அப்படியே விட்டு, ஓரத்தில் ஒரு முழம் மல்லிகை வைத்திருந்தாள். "சிரி" என்றால் சிரிப்பு வருமா? வரவில்லை. நான் கேமராவோடு பின்னால் நகர்ந்தபோது கால் ஒயரில் பட்டு, குடை விளக்கு சரிந்து என் மண்டையிலேயே விழுந்தது. அவள் சிரித்தாள் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு. வலியோடு க்ளிக் செய்தேன். "மாமா, உன் மண்டையில நட்சத்திரம் தெரியுதா?" என்று கேட்டு மறுபடி சிரித்தாள். அப்போதெல்லாம் அவள் என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு டிசைனில் உட்கார்ந்தேன். முதலில் கலர். வழக்கமான அளவுக்கு ஏற்றினேன், போதவில்லை. இன்னும் ஏற்றினேன். பெரியப்பா குடும்பம் மண்டப வாசலில் நிற்பதும், பேனரைப் பார்ப்பதும், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதும் என் கண் முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. மூக்கைக் கொஞ்சம் ஒடுக்கினேன். உதட்டைக் கொஞ்சம் குறைத்தேன். எங்களிடம் ஒரு ஃபோல்டர் இருக்கும்: நகை, பட்டுப்புடவை, கும்பிடும் கைகள், முடி என்று வெட்டி வைத்திருப்போம். அதிலிருந்து நீளமான ஜடை ஒன்றை எடுத்து, பூவோடு, அவள் தோளில் முன்பக்கமாகப் போட்டேன். இரண்டு மணி நேரம் ஆனது. அவ்வளவு பொறுமையாக நான் எந்தத் தலைவருக்கும் செய்ததில்லை.

சாவி வாங்க வந்த என் மனைவி திரையைப் பார்த்தாள்.

"யாருங்க இது? நல்லா இருக்குது."

"பாப்பாதான்."

அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "பாப்பா மாதிரியே இல்லியே."

"மாதிரி இல்லாட்டிதான் நல்லது" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் வேறு யாராவது சொன்னதாக எழுதிவிடலாம். இத்தனை நாள் மனதுக்குள் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். சொன்னது நான். கோபத்தில் சொல்லவில்லை, கேலியாகவும் சொல்லவில்லை. காபிக்குச் சர்க்கரை போதும் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னேன். என் மனைவி சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

பத்துக்கு எட்டு பேனர். நடுவில் அந்தப் பெண். கீழே "அன்புடன் அழைக்கும் தாய்மாமன்" என்று கைகூப்பிய என் படம். எனக்கும் கலர் ஏற்றியிருந்தேன். மாமனும் மருமகளும் பொருத்தமாக இருக்க வேண்டாமா?

விழா அன்று காலையில் சிதம்பரம் மண்டப வாசலில் நின்று சீர்த்தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தேன். பாப்பாவும் தங்கையும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அலங்காரம் உள்ளே செய்வதாக ஏற்பாடு, அதனால் பாப்பா சாதாரணச் சுடிதாரில் இருந்தாள். தங்கை ஆட்டோக்காரருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் பேனரை அண்ணாந்து பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. பள்ளிக்கூடத்து நோட்டீஸ் போர்டில் மார்க் பார்க்கிற நேரம்தான். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாரு மாமா இது?"

"நீதான். லைட்டிங் கொஞ்சம் சரி பண்ணேன். ஃப்ளெக்ஸ்ல இருட்டடிக்கும்" என்றேன்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. அண்ணாகிராமத்துக் கூட்டம் பலாப்பழத்தோடு இறங்கியது. முதலில் இறங்கிய பெரியம்மா பேனரைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பக்கத்தில் நின்ற பாப்பாவைப் பார்த்தார்.

"ஏம்மா, சடங்குப் பொண்ணு உள்ள இருக்குதா?"

நான் நாலடி தள்ளி நின்றேன். என் கையில் தேங்காய்த் தட்டு. 'இவதான் பெரியம்மா' என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி எனக்கு வரவில்லை. பாப்பா நிதானமாக, "உள்ள இருக்குது பாட்டி, போங்க" என்று வழி காட்டினாள். காட்டிவிட்டு, பின்பக்க வழியாக உள்ளே போனாள்.

அப்புறம் எல்லாம் முறைப்படி நடந்தது. அலங்காரம் செய்த பெண், பேனருக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, முகத்தில் மாவு பிசைகிற மாதிரி பூசியிருந்தாள். முடியை எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டி சவுரி வைத்தார்கள். பெரியம்மா எல்லோர் முன்னாலும், "போட்டோல இன்னும் லட்சணமா இருக்கா" என்றார். விசா தாமதமாகி வர முடியாமல் போன மச்சானுக்குத் தங்கை வீடியோ கால் போட்டு, பெருமையாக போனைத் திருப்பிப் பேனரைக் காட்டினாள். அவர், "போன் பாப்பாகிட்ட குடு" என்றார். அவர்கள் பாஷையில் மெதுவாக ஏதோ பேசினார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த வருடம் எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தோம். மறுவருடம் எல்லோரும் கழற்றினோம். அவள் கழற்றவில்லை. முதலில் ஜாக்கிரதையான பெண் என்று நாங்களே மெச்சிக்கொண்டோம். வகுப்பில் மாஸ்க், பஸ்ஸில் மாஸ்க், பிறகு வீட்டுக்கு யாராவது வந்தாலும் மாஸ்க். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தனியாகச் சாப்பிட்டாள். லீவுக்குக் கடலூர் வரவில்லை. தலைவலி, பரீட்சை, ஸ்பெஷல் கிளாஸ் என்று ஏதாவது ஒரு காரணம். போன் செய்தால், "சொல்லுங்க மாமா, நல்லா இருக்கீங்களா?" என்றாள். அந்த மரியாதை வந்த பிறகு என் மண்டையில் நட்சத்திரம் தெரிகிறதா என்று அவள் கேட்கவே இல்லை. பெரிய பெண்ணாகிவிட்டாள், அதுதான் மரியாதை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரிந்தும் நான் பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

பத்தாவதில் திங்கட்கிழமைகளில் வயிற்றுவலி வந்தது. பிறகு எல்லா நாளும் வந்தது. பள்ளியில் யாரோ கிண்டல் செய்கிறார்கள் என்று தங்கை அழுதாள். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. கடையைப் பூட்டிவிட்டு சிதம்பரம் போனேன். தலைமை ஆசிரியை மேஜையைத் தட்டினேன். ஒரு பெண் குழந்தையை நிறத்தை வைத்துப் பேசுவதா, இது பள்ளிக்கூடமா என்று கேட்டேன். உண்மையிலேயே என் குரல் நடுங்கியது. அப்படி ஒரு நியாயஸ்தன்.

அவர்கள் ஒரு மாணவியை வரவழைத்தார்கள். ஒல்லியாக, என் கடைக்கு வருகிற எல்லோருடைய நிறத்திலும் இருந்தாள். பயந்து போயிருந்தாள்.

"அவள என்னா சொல்லிக் கூப்ட்ட?" என்றார் தலைமை ஆசிரியை.

"டூப்புன்னு மிஸ்."

"டூப்புன்னா?"

"நாங்க சடங்குக்குப் போயிருந்தோம் மிஸ். பேனர்ல வேற யாரோ இருந்தாங்க. அதான், அவுங்க ஒரிஜினல், நீ டூப்புன்னு சும்மா வெளாட்டுக்குச் சொன்னோம்."

தலைமை ஆசிரியை புரியாமல் என் பக்கம் திரும்பினார். எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. அங்கேயே உட்கார்ந்து, அம்மா, இந்தக் குழந்தை மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் எழுந்து நின்று, முன்னைவிடச் சத்தமாக, "பேனரப் பத்தி இப்ப என்னாத்துக்குப் பேச்சு? தப்பு பண்ணிட்டு சாக்கு சொல்லுதா?" என்றேன். அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். என்னிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். "சாரி அங்கிள்" என்றாள். பரவாயில்லை என்றேன். அவளுடைய முகம் எனக்கு இன்றைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. திரும்பும் வழியில் புதுச்சத்திரத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. டீ குடிக்க இறங்கவில்லை. யாராவது முகத்தைப் பார்த்துவிடுவார்கள் போல இருந்தது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு முற்பகல் தங்கை போன் செய்தாள். பாப்பா குளியலறையில் கழுத்தையும் கன்னத்தையும் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டிருந்தாள். மெடிக்கலில் யாருக்கும் தெரியாமல் வாங்கிய ஏதோ க்ரீமினால் ஏற்கெனவே தோல் உரிந்திருந்தது. டாக்டர் மருந்து போட்டுவிட்டு, இது தோலோடு முடிகிற விஷயம் இல்லை, மனநல டாக்டரிடம் கூட்டிப் போங்கள், தாமதம் வேண்டாம் என்றார். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்குப் பழக்கமில்லை. போனோம். அது ஒன்றுதான் நாங்கள் தாமதிக்காமல் செய்தது.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. அவசரப்படாதவர். முதலில் அவளிடம் தனியாகப் பேசினார். இரண்டாவது வாரம் வீட்டார் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். தங்கை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் மாஸ்க்கோடு பாப்பா.

"எப்ப இருந்து மாஸ்க்க கழட்டப் பிடிக்கல?" என்றார்.

பாப்பா திரும்பி என்னைப் பார்த்தாள். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணை நான் பேனரில் மாற்றவில்லை, அதனால் எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது.

"ஸ்கூல்ல கிண்டல் பண்ணாங்க. அப்ப இருந்து" என்றாள்.

"வீட்டுல யாராவது நிறத்தப் பத்தி, முடியப் பத்தி எதாவது சொன்னாங்களா?"

"இல்ல. வீட்டுல எல்லாரும் பாசமாதான் இருப்பாங்க."

கழுத்தில் கட்டுப் போட்ட குழந்தை என்னைக் காப்பாற்றியது. அந்தப் பொய்யை நான் வாங்கிக்கொண்டேன். தலைக்கு மேல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் செய்த காரியங்களில் எது கேவலமானது என்று யாராவது கேட்டால், பேனரைச் சொல்ல மாட்டேன். அதை ஒரு முட்டாள்தனம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அந்த அறையில் பேசாமல் இருந்ததற்கு என்னிடம் ஒரு சமாதானமும் இல்லை.

வெளியே கேன்டீனில் தங்கையிடம் சொன்னேன். மனைவியிடம் சொன்ன அந்த வாக்கியம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், டம்ளரைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டீயைக் கீழே வைத்தாள்.

"தெரியும்ணா. வாசல்ல பாத்தப்பவே தெரியும். நான் என்னா பண்ணேன் தெரியுமா? அந்தப் போட்டோவத்தான் ஒரு வாரம் ஸ்டேட்டஸ் வெச்சிருந்தேன். அத்தன வருஷமா பேசாதவங்கல்லாம் ஹார்ட் போட்டாங்க. எடுக்கவே மனசு வரல." அவள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "என்கிட்ட சொல்லி என்னா ஆவப் போவுது? அவகிட்ட சொல்லு."

சொல்லவில்லை. எட்டு மாதம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகச் சுலபமான பரிகாரம் ஒன்று செய்தேன்: கடையில் யாருக்கும் கலர் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். மூன்று வாரம் தாங்கியது. ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து சத்தம் போட்டார்கள், இன்னொருவர் பக்கத்துக் கடைக்குப் போனார். மறுபடி ஏற்ற ஆரம்பித்தேன். கேட்டால் மட்டும் ஏற்றுகிறேன். எல்லோரும் கேட்கிறார்கள்.

பாப்பா மாத்திரை சாப்பிட்டாள். வாரம் ஒரு முறை டாக்டரிடம் பேசினாள். மச்சான் வேலைக்கு லீவு போட்டு வந்து இரண்டு மாதம் கூடவே இருந்தார். தினமும் சாயந்திரம் அவள் முடியை அவரே எண்ணெய் தடவிப் பிரித்து, சிக்கெடுத்து, சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னிவிடுவார். அவர் என்னிடம் அந்தப் பேனரைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "சாப்ட்டீங்களா மச்சான்" என்றுதான் கேட்டார்.

போன காலாண்டு லீவில், நான் கூப்பிடாமலே, பாப்பா அம்மாவோடு கடலூர் வந்தாள். தங்கை வீட்டுக்குள் போய்விட, அவள் நேராகக் கடைக்கு வந்து, சின்ன வயதில் சுற்றிச் சுற்றி விளையாடும் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் போட்டு வந்த மாஸ்க் இன்னும் முகத்தில் இருந்தது. சர்பத் வாங்கி வைத்தேன். குடிக்க மாஸ்க்கைக் கீழே இழுத்தாள். நான் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தேன். அப்போதுதான் வாயைத் திறந்தேன். பெரியப்பா குடும்பம் வருவதாகச் சொன்னதிலிருந்து ஆரம்பித்து, பெரியம்மா வாசலில் கேட்டபோது தட்டோடு நான் நின்றது, பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண்ணை அழவைத்தது, டாக்டர் அறையில் மின்விசிறியைப் பார்த்தது எல்லாம் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். நாற்பத்தெட்டு வயது ஆளுக்கு அது பார்க்க நன்றாக இருந்திருக்காது.

அவள் ஸ்ட்ராவைச் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "தெரியும் மாமா" என்றாள் கடைசியில். "டாக்டர்கிட்ட அப்புறம் நான் சொல்லிட்டேன். உங்களைத் திட்டியும் இருக்கேன், நெறைய."

"திட்டு."

"இப்ப அதுக்கு வரல." நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பினாள். "டாக்டர் ஒரு போட்டோ கொண்டாரச் சொன்னாங்க. எனக்கே என்னப் புடிச்சிருந்த மாதிரி ஒண்ணு. சின்னப் புள்ள போட்டோ வேணாமாம். அதுக்கப்புறம் மாஸ்க் இல்லாம நான் எடுத்துக்கவே இல்ல. ஃபங்ஷன்ல எடுத்ததெல்லாம் மாவு பூசின மூஞ்சி. யோசிச்சுப் பாத்தேன். அன்னிக்கு உன் மண்டையில குடை வுழுந்துச்சே, அப்ப நெஜமாவே சிரிச்சேன். அதான் வேணும். கலர் ஏத்தாதது. ஒரிஜினல் குடு மாமா."

தேடுகிற மாதிரி ஃபோல்டர்களைத் திறந்து திறந்து மூடினேன். தேட வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். இடம் அடைத்துக்கொள்ளும் என்று நான் எப்போதும் அதே ஃபைல் மேலேயே சேவ் செய்துவிடுவேன். கேமரா கார்டை அன்றைக்கே அழித்துவிடுவேன். அவள் பெயரில் இருந்த ஃபோல்டரில் ஒரே ஒரு படம். திறந்தால் அந்த இன்னொரு பெண் ஜடையோடு சிரித்தாள்.

"இல்ல பாப்பா. அதுமேலயே சேவ் பண்ணிட்டேன்."

"வேற எங்கயும் இல்லியா?"

"இல்ல."

கடைக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போனதும் அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"சரி. நீ பாத்தல்ல? இந்தக் கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணி எவ்ளோ நேரம் பாத்திருப்ப. நீ சொல்லு. எப்படி இருந்தேன்?"

எனக்கு அரக்குப் பாவாடை ஞாபகம் இருந்தது. மல்லிகை எந்தப் பக்கம் இருந்தது என்று ஞாபகம் இருந்தது. மண்டையில் விழுந்த அடி, அவளுடைய சிரிப்புச் சத்தம், நட்சத்திரம் தெரிகிறதா என்று கேட்ட குரல், எல்லாம் இருந்தது. முகத்தை நினைத்தால் நான் செய்த முகம்தான் வந்தது. மூக்கை எவ்வளவு ஒடுக்கினேன் என்பதுகூட ஞாபகம் வந்தது. ஒடுக்குவதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்பது வரவில்லை. இரண்டு மணி நேரம் நான் அவளை அழிப்பதற்காகப் பார்த்திருக்கிறேன், அவளைப் பார்க்கவே இல்லை.

நன்றாக இருந்தாய், தேவதை மாதிரி இருந்தாய் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யாவது சொல்லாமல் இருந்தேன்.

"ஞாபகம் இல்ல பாப்பா."

அவள் என்னை வெறுமனே பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"இவளையாவது அழிச்சிடு மாமா" என்றாள்.

அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்ற இடத்தில் அவளே விரலை வைத்து அழுத்தினாள். சர்பத்தைக் குடித்து முடித்து, மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் பெயரில் அந்த ஃபோல்டர் இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை.